மீன் வண்டியில் பெரியபாளையம்

பவானி கதவைச் சாத்துவதைக் காசிமேட்டில் யாரும் பார்த்ததில்லை. சாத்தின கதவைத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு வேகம் அவளுக்கு. மீன் பெட்டியை வண்டிக்குள் தள்ளிவிட்டுக் குதிப்பாள். கால் தரையில் ஊன்றும்போதே இடுப்பு ஒரு இடி இடிக்கும், கதவு போய் ஒட்டிக்கொள்ளும், வலது கை இரும்புத் தாழைத் தட்டிவிடும். வாய் அதற்குள் வேறு யாரிடமோ சண்டைக்குப் போயிருக்கும்.

அவள் பிறந்தது நெட்டுக்குப்பத்தில். முன்னே பிறந்த மூன்றும் தங்காமல் போக, நாலாவது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று அவள் அம்மா பெரியபாளையத்து பவானியம்மனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளை. அந்தப் பக்கம் தெருவுக்கு இரண்டு பவானி உண்டு, எல்லாம் அந்த அம்மன் கொடுத்ததுதான். கட்டிக்கொடுத்தது கல்மண்டபத்தில், ஜெகதீசனுக்கு. அவனிடம் ஒரு குட்டியானை வண்டி இருந்தது. பின்னால் வெள்ளைத் தகரக் கூண்டு, சுவருக்குள் நாலு விரல் கனத்துக்கு தெர்மாகோல், கதவைச் சுற்றி ரப்பர். காசிமேட்டில் ஏலம் முடிந்த மீனை ஐஸ் போட்டு அடுக்கி வேலூர் வரைக்கும் கொண்டுபோவான். கிளீனர் பையன்கள் எவனும் ஒரு மாசம் தாண்டாததால் பவானியே வண்டியேறினாள்.

ஏறின புதிதில் ஒரு நாள், கதவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். வேலூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு பெட்டி வஞ்சிரம் இளகிப்போயிற்று. ஏலக்காரர் ஹென்றி ஒரு மீனைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அதன் வயிற்றில் விரலை அழுத்தி, விழுந்த குழியை அங்கே நின்ற அத்தனை பேருக்கும் காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பாள். அவர் காட்டினதுதான் அவளைத் தின்றது. அன்றைக்குப் பிறகு அந்தக் கதவு திறந்து கிடந்ததே இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

ஜெகதீசனுக்கு ஒரு தங்கை, அம்மு. வியாசர்பாடியில் ரஞ்சித் என்று ஒரு பையனைப் பார்த்தாள், பிடித்தது, போய்க் கட்டிக்கொண்டாள். எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் பெட்டி மூடிச் சீல் வைக்கிற வேலை அவனுக்கு. சாயங்காலத்தில் குத்துச்சண்டை பழகப் போவான். ஆள் பார்க்க முரடு, பேச்சு பஞ்சு. ஆனால் கடல்காரர் வீட்டுப் பெண் வெளியே போய்விட்டாள் என்று மூத்த அண்ணன் கோதண்டம் அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். தெருவில் எதிரே வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

அம்முவுக்குப் பெண் பிறந்தது. பிறக்கும்போதே கைப்பிடி அளவுதான் இருந்தது, அதோடு மஞ்சள் காமாலையும். கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த பவானி, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று சொன்னாள்: "இத்த வூட்டுக்கு அனுப்பி வெச்சிடு தாயே. நான் வேப்பஞ்சேல கட்டிகினு உன்ன சுத்தி வர்றேன்." குழந்தை வீட்டுக்கு வந்தது. எட்டாம் மாசம் ஆடியும் வந்தது.

ஆடியில் பெரியபாளையம் போவது நம் பக்கத்தில் எல்லாரும் செய்வது. மொத்த சொந்தமும் ஒரு வண்டியில் ஏறி, சட்டி பானையோடு போய் இறங்கி, ராத்திரி வண்டியிலேயே படுத்து, மறுநாள் பொங்கல் வைத்து, கோழி அடித்துத் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். கடல் சரியில்லாமல் போட்டுகள் கட்டிக்கிடந்த வாரமாகப் பார்த்து பவானி நாள் குறித்தாள். ரஞ்சித்தும் வரவேண்டும் என்றாள். கோதண்டம் முடியாது என்றார். "வேண்டுதல் எனுது மாமா. அவன் கொயந்தைக்கி மொட்ட. அவன் இல்லாம யாரு மடியில குந்த வெச்சி அடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கழுவப் போய்விட்டாள். அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது அந்த வீட்டுக்குத் தெரியும்.

பிளீச்சிங் பவுடர், பினாயில், மஞ்சள் தண்ணீர், அதற்குமேல் சாம்பிராணி. இத்தனைக்குப் பிறகும் கூண்டுக்குள் மீன் வாசம் மீன் வாசமாகத்தான் இருந்தது. கோதண்டத்தின் மனைவி மங்கை, பவானியின் ஓரகத்தி, தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து வண்டி முன்னால் நின்று மூக்கைப் பிடித்தாள்.

"இன்னாமே இது, அம்மனுக்குப் பொங்க வெக்கப் போறமா, கருவாடு காயப் போடப் போறமா? மூக்க எங்க வெச்சிக்கிறது?"

"வூட்லயே வெச்சிட்டு வாக்கா. தெருவுல எல்லார் வூட்லயும் நொழஞ்சி நொழஞ்சி அதுவும் களச்சிப் போய்கீது. ஒரு நாளு ரெஸ்ட்டு எடுக்கட்டும்."

ஆண்கள் மூன்று பேரும் முன்னால், பெண்களும் பிள்ளைகளும் பின்னால் கூண்டில். கூண்டுக் கதவு முழுக்கத் திறந்து மடங்கியிருக்க, ஜெகதீசன் அதை ஒரு நீல நைலான் கயிற்றால் பக்கக் கம்பியோடு இறுக்கிக் கட்டினான். "இந்தக் கயித்த எவனும் தொடக் கூடாது. தொட்டா கைய ஒடச்சிடுவேன்" என்றான்.

ரஞ்சித் மட்டும் கதவின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உள்ள இருந்து தொறக்க தாழு ஒண்ணும் இல்லியே?"

"மீனு எதுக்கு மாப்ள உள்ள இருந்து தொறக்கப் போவுது? அதுக்கு இன்னா, ஒண்ணுக்கு வருமா?" என்றான் ஜெகதீசன். எல்லாரும் சிரித்தார்கள். ரஞ்சித்தும் சிரித்தான்.

திருவொற்றியூர், மணலி, செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் கூட்டுரோடு என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். ஆரணி ஆற்றுப் பக்கம் வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டியாக நிறுத்தினார்கள். எங்கே பார்த்தாலும் லாரி, டிராக்டர், மினி வேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி. பக்கத்து வண்டிக்காரியிடம் உப்பு கேட்கவே கத்த வேண்டியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லவேண்டும். ஈர விறகு பிடிக்காமல் புகைந்தது. கோதண்டம் ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். ரஞ்சித் எங்கேயோ போய்க் காய்ந்த பனைமட்டை கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பை எரியவிட்டான். கோதண்டம் சற்று நேரம் நெருப்பையே பார்த்தார். பிறகு தன் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரில் ஊற்றி, முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

"புடி மாப்ள."

இரண்டு வருஷத்தில் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்முவின் கை நின்றுவிட்டது. பவானி அவளை முழங்கையால் இடித்து, "அழுவாத, அப்பால வெங்காயத்து மேல பழி போடுவ" என்றாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

படுக்கும்போது ஆண்கள் போன்களைச் சார்ஜ் போட வாங்கிக்கொண்டு டீக்கடைக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். கூண்டில் பவானி, மங்கை, அம்மு, பிள்ளைகள். ரஞ்சித் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, "கொசு அடிக்குது அம்மு, கதவ கொஞ்சம் ஒருக்களிச்சி வெச்சிக்கோ" என்றான். கயிற்றைத் தொடக்கூடாதே என்று மங்கை அதற்குப் பதிலாக ஒரு கொசுவத்தியைக் கொளுத்தி வாசலோரம் வைத்தாள். கூண்டின் மூலையில் ஐஸ் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை உண்டு. எறும்பு ஏறாமல் இருக்க பவானி அதில் துணியை அடைத்தாள்.

போட்டுகள் கரைக்கு வருகிற நேரத்தில் பவானிக்குத் தானாக விழிப்புத் தட்டும். எந்த ஊரில் படுத்தாலும் அப்படித்தான். அன்றைக்கும் தட்டிற்று. வெளியே இன்னும் சாம்பல் வெளிச்சம். கூட்டம் கூடுவதற்குள் வேண்டுதலை முடித்துவிடலாம் என்று பிள்ளைகளைத் தாண்டி, வேப்பஞ்சேலைக்குக் கொண்டுவந்திருந்த வேப்பந்தழைக் கட்டைத் தூக்கினாள். கட்டியிருந்த வாழைநார் அறுந்துபோயிற்று. காசு வாங்கிக்கொண்டு தழை கட்டிவிட அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்தான். அவளுக்கு அதெல்லாம் ஆகாது; தன் வேண்டுதலைத் தானே கட்டிக்கொள்ளவேண்டும். கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தழையைச் சேர்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். போனாள்.

குளித்து, ஈரப் பாவாடையோடு தழையை உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றினாள். பம்பை மேளம் அடித்தது. கால் சேற்றில் வழுக்கியது. வேப்பிலை கழுத்தைக் குத்தியது. "தோ, கொயந்தய இஸ்துகினு வந்துட்டேம்மா. பாத்துக்கோ, பாத்துக்கோ" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னாள். அப்படி ஒரு நிறைவு அவளுக்கு. தழையோடு ஒரு தரம் குழந்தையிடம் காட்டிவிட்டு அப்புறம் கழற்றலாம் என்று வண்டிப் பக்கம் திரும்பினாள்.

முதலில் கேட்டது அம்முவின் குரல். ஒலிபெருக்கியைத் தாண்டி அது வந்தது.

கூண்டின் வாசலில் வெள்ளைப் புகை தொங்கிக்கொண்டிருந்தது. மங்கையின் பெண்கள் இரண்டும் தரையில் குப்புற விழுந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தன. மங்கை தலைமுடி அவிழ்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்து கிடந்தாள். டீ சிந்தின டம்ளர் உருண்டு கிடந்தது. ரஞ்சித் முழங்காலிட்டு, மடியில் குழந்தையை வைத்து அதன் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தான். குழந்தையின் கை ஈரத் துணி மாதிரி தொங்கிற்று.

பவானிக்கு என்ன நடந்ததென்று விளங்கவில்லை.  இடுப்பில் வேப்பந்தழையோடு, பொம்மை மாதிரி நின்றாள்.

குழந்தை இருமியது. மறுபடி இருமியது. பிறகு வீறிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திருவிழாவுக்குப் போட்டிருந்த மருத்துவ முகாமிலிருந்து நர்ஸம்மா ஓடிவந்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, தூக்கிக்கொண்டு போய்க் காற்றுக் குழாய் வைத்து, பிழைத்தது, பயமில்லை என்று திருப்பிக் கொடுத்தாள்.

மங்கைக்குப் பேச்சு வந்தது. இருமல் வந்துதான் முழித்தாளாம். கண் திறந்தும் இருட்டு. கதவு இருந்த பக்கம் கையை நீட்டினால் சுவர். அடித்தாள், உதைத்தாள், கத்தினாள். வெளியே அம்மன் பாட்டு. கொசுவத்திப் புகை மட்டும் உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. சிவப்பாய்த் தெரிந்த பொறியைத் தேடி உள்ளங்கையால் அமுக்கி அணைத்தாள். கை வெந்து கொப்புளித்திருந்தது. அதை அப்போதுதான் அவளே பார்த்தாள்.

"தண்ணி போற ஓட்ட நெனப்பு வந்துச்சி. துணிய இஸ்து போட்டுட்டு பாப்பா மூஞ்ச அதாண்ட வெச்சி அழுத்திக்கினேன். அப்பால எம்பொண்ணுங்கள மாத்தி மாத்தி… அம்மு மயங்கிட்டா. நான் அவ்ளோதான்னு நெனச்சேன்மே."

வாய் ஓயாத மங்கை தன் பெண்களைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பவானி பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோதண்டம் எழுந்தார். "எவன் சாத்துனது?"

ரஞ்சித் பக்கம் திரும்பினார்.

"டேய், நீதானே தொறந்த?"

"ஆமாண்ணே. அம்முக்கு டீ எடுத்தாந்தேன். கதவு சாத்தி தாழு போட்டு இருந்திச்சி. தொறந்தேன்."

"உள்ள இவங்க சாவறாங்கன்னு உனுக்கு எப்டிரா தெரிஞ்சிது? சாத்துனவனுக்குத்தான் தெரியும்!"

"எனுக்குத் தெரியாதுண்ணே. டீ குடுக்கத்தான்…"

பவானிக்கு அப்போதுதான் வாய் திறந்தது. திறந்ததும் நிற்கவில்லை. "நேத்தே கேட்டானே மாமா, உள்ள தாழு இல்லியான்னு! கொசு வருது கதவ ஒருக்களின்னு இவன்தானே சொன்னான்! கயிறு எங்கடா? கட்டி வெச்ச கயிறு எங்க? எங்க தூக்கிக் கடாசுன?"

எல்லாரும் கயிற்றைத் தேடினார்கள். வண்டிக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், பக்கத்து வண்டிச் சக்கரத்தில். இல்லை.

ரஞ்சித் அவளைப் பார்த்துச் சொன்னான்: "யக்கா, எங்க யார்டுல பொட்டி மூடறதுக்கு முன்னாடி மூணு வாட்டி தட்டணும். உள்ள ஆளு கீதான்னு கத்தணும். அப்பாலதான் தாழு. தூக்கத்துல கூட என் கை தட்டாம மூடாதுக்கா."

"தூக்கத்துல மூடாது. குடிச்சா?"

ரஞ்சித் திரும்பி அம்முவைப் பார்த்தான். அம்மு குழந்தையை இறுக்கிக்கொண்டு, "கொசு கடிக்குதுன்னு வந்து சாத்துனியா? சொல்லிடுய்யா. தெரியாம செஞ்சியா?" என்றாள்.

அதோடு அவன் உடைந்துபோனான். மற்றவர்கள் கத்தினபோது நிமிர்ந்து நின்றவன், அவள் கேட்டதும் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "குடிச்சேன்தான்… நானா? எனுக்கு அப்டி ஒண்ணும் நெனப்பு இல்லியே அம்மு" என்றான். 

ஜெகதீசன்தான் முடிவு சொன்னான். மொட்டை அடித்து முடிகிற வரைக்கும் இரு, அப்புறம் உன் வழியைப் பார்த்துக்கொண்டு போ. அம்முவும் குழந்தையும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மாப்பிள்ளை என்ற சொல் அதில் இல்லை. ரஞ்சித் தன் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய்ப் புளியமரத்தடியில் நின்றான்.

பவானியின் இடுப்பில் இன்னும் தழை. வேண்டுதல் முடிந்த தழையைக் கோயில் பக்கத்துக் குவியலில்தான் கழற்றிப் போடவேண்டும் என்று நடந்தாள். அங்கே ஆளுயரத்துக்கு வேப்பிலை குவிந்து கிடந்தது. ஒரு கிழவி முடிச்சை அவிழ்த்துவிட வந்தாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா முடிச்சி இது, பல்லால கடிச்சாக் கூட வராது போலகீதே" என்றாள்.

"வுடு, எனுக்குத்தான் வரும்" என்று பவானி குனிந்து, மீன் பெட்டிக்குப் போடுகிற அவளுடைய சொந்த முடிச்சை ஒரு சுண்டில் அவிழ்த்தாள். தழை கீழே விழுந்தது. அதுவரை இலைக்குள் புதைந்திருந்த கயிறு கையில் நின்றது.

நீல நைலான் கயிறு.

பம்பைச் சத்தம் எங்கேயோ போய்விட்டது. அவள் கண்ணுக்கு அந்த நீலம் மட்டும் தெரிந்தது. அந்தக் குழந்தைக்காகக் கட்டின தழை. அந்தக் குழந்தைக்குக் காற்று வர வைத்திருந்த கதவைக் கட்டின கயிறு. அதைச் சுற்றிக்கொண்டுதான் பாத்துக்கோ, பாத்துக்கோ என்று அம்மனைச் சுற்றியிருக்கிறாள். அதைச் சுற்றிக்கொண்டுதான் கயிறு எங்கடா என்று அவனைக் கேட்டிருக்கிறாள்.

குவியலில் போட்டால் தழையோடு தழையாய் மறைந்துவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. கிழவி கூட, "கயித்தையும் போட்டுடும்மா, வூட்டுக்கு எடுத்தும் போவக்கூடாது" என்றாள். பவானி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பினாள்.

"கயிறு எங்கிட்ட கீது" என்றாள் வண்டியருகே வந்து. "தழ கட்ட நான்தான் அவுத்தேன்."

 கோதண்டம், "கயித்த நீ எடுத்த, சரி. காத்துல கதவு ஆடி இருக்கும். அவன் வந்து சாத்திட்டு இருப்பான்" என்றார். மங்கையும் தலையாட்டினாள். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. ஜெகதீசன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அவளையே பார்த்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டினவன். அவள் திரும்பிப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தத் திருப்பல்தான் அவளைக் குத்திற்று. "இன்னாய்யா மூஞ்ச திருப்பற? நானா சாத்துனேன்? சாத்தி இருந்தா எனுக்குத் தெரியாதா? என் கை செஞ்சது எனுக்குத் தெரியாம போவுமா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாத. நெனைக்கவும் நெனைக்காத."

மொட்டை அடித்தார்கள். கோதண்டத்தின் மடியில் வைத்துத்தான் அடித்தார்கள். ரஞ்சித் மரத்தடியிலிருந்து பார்த்தான். கோழி அறுக்க யாருக்கும் மனசில்லை. பொங்கலை அப்படியே மூடிக்கொண்டு கிளம்புவது என்றாயிற்று. மங்கை, கையில் கட்டோடு கூண்டுக்குள் ஏறிப் பாத்திரங்களை அடுக்கினாள். பவானி கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெரிய தவலையை மட்டும் தானே ஏறி உள்ளே தள்ளினாள். வாய் ஓயவில்லை. மரத்தடியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வார்த்த ஒத்துக்கோயேன்டா! தெரியாம செஞ்சிட்டேன்னு சொன்னா இன்னா, கழுத்தயா அறுத்துடுவாங்க? நானா இருந்தா…" குதித்தாள். "…எதிர்ல நின்னு சொல்லி இருப்பேன், அம்மன் சத்தியமா…"

இடுப்பு இடித்தது. கதவு ஒட்டிக்கொண்டது. தாழ் விழுந்தது.

"…ஆமாம், என் கைதான்னு சொல்லி இருப்பேன். இன்னா? இன்னா எல்லாரும் அப்டிப் பாக்கறீங்க?"

 அம்மு வாயைப் பொத்திக்கொண்டாள். மங்கையின் சின்னப் பெண், "அம்மா உள்ள கீதே" என்றது. பவானி அவர்கள் பார்க்கிற இடத்தைத் தானும் பார்த்தாள். தாழின் மேல் ஒரு கை இருந்தது. கண்ணாடி வளையல் இரண்டு, ஐஸ் உடைத்து உடைத்துப் பிளந்த நகம். அது யார் கை என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் கைதான் என்று தெரிந்த பிறகும் அதை எடுக்கத் தெரியாமல் நின்றாள்.

ரஞ்சித்தான் வந்தான். பையைக் கீழே வைத்தான். கதவை மூன்று தரம் தட்டினான். "உள்ள ஆளு கீதா?" என்று கத்தினான். உள்ளேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, மங்கை ஒரு தலைமுறையையே திட்டுவது கேட்டது. பவானியின் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தாழைத் தூக்கிக் கதவைத் திறந்தான்.

மங்கை கரண்டியோடு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பவானியை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலைல அஞ்சி பேரு. அதுல ஒண்ணும் தேறலன்னு இப்ப என்னிய மட்டும் தனியாவா? உனுக்கு எம்மேல இவ்ளோ பாசம்னு எனுக்குத் தெரியாம போச்சேமே."

பிள்ளைகள் சிரித்தன. பவானிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்தாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கோதண்டம் ரஞ்சித்தின் பையை எடுத்துக்கொண்டுபோய் முன் சீட்டில் வைத்தார். "மாப்ள, ஜன்னல் பக்கம் குந்து. காத்து வரும்" என்றார். அம்மு குழந்தையைக் கொண்டுவந்து அவன் மேல் போட்டாள். அவன் அதன் மொட்டைத் தலையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அழுதான்.

பவானி மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அந்த வார்த்தை வராது. எழுந்து அவனிடம் போனாள். "இன்னொரு வாட்டி தட்டு. எப்டித் தட்டுன?" என்றாள். அவன் தகரத்தில் தட்டிக் காட்டினான். அவளும் தட்டினாள்.

அவளை முன்னால் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். கூண்டின் வாசலில்தான் உட்கார்ந்தாள். நீலக் கயிற்றின் ஒரு முனையால் கதவைப் பக்கக் கம்பியோடு கட்டி, மறு முனையைத் தன் வலது மணிக்கட்டில் சுற்றி, அந்தப் பல்லுக்கும் வராத முடிச்சைப் போட்டாள். மங்கை அவிழ்க்கச் சொன்னாள், அம்மு கெஞ்சினாள். கேட்கவில்லை. ஜனப்பன்சத்திரத்தில் வண்டி நின்றபோது கொய்யாப்பழம் விற்கிறவள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, கைய கட்டிப் போட்டு இஸ்துகினு போறாங்க? சாமி வந்துடிச்சா?" என்று கேட்டாள்.

"சாமி இல்லமே. கை. கம்முனு இருந்தா போயி கதவ சாத்திடுது" என்றாள் பவானி.

இப்போது அந்த வண்டிக் கதவில் உள்பக்கமும் ஒரு தாழ் இருக்கிறது. கல்மண்டபத்தில் வெல்டிங் கடைக்காரன், மீன் வண்டிக்கு இது எதுக்கு என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே வை என்று அவள் பக்கத்திலேயே நின்று வைக்கச் சொன்னாள். காசிமேட்டில் பெட்டியை ஏற்றி முடித்ததும் தகரத்தை மூன்று தரம் தட்டுகிறாள். "உள்ள ஆளு கீதா?" என்று கத்துகிறாள். அதற்குள் ஐஸ் கொஞ்சம் கரையத்தான் செய்கிறது. ஹென்றி ஒரு நாள், "வஞ்சிரம் பதில் சொல்லுச்சா பவானி?" என்று கேட்டார்.

"இன்னும் சொல்லல. கொஞ்சம் இரு, சொல்லட்டும்" என்று காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள்.